பச்சையாக ஒளிர்ந்தது

அன்புத் தம்பிக்கு,

போனை நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் பண்ணையிலிருந்து வந்த சாம்பிளைச் சோதித்தது நான்தான். பறவைக்காய்ச்சல் கிருமி இருந்தால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒட்டினால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தது. ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்ற நப்பாசையில், புதுக் குப்பியைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். அதுவும் ஒளிர்ந்தது.

கூட வேலை பார்க்கிறவள், "உங்க தம்பி பண்ணையாச்சே, ரிப்போர்ட்ல வேற யாராவது கையெழுத்துப் போடட்டுமே" என்றாள்.

"யார் போட்டாலும் கோழிக்கு வந்த நோய் அதேதானே" என்றேன்.

நான் கையெழுத்துப் போட்டதும் அதிகாரிகள் வந்து கோழிகளை அழித்து, கொட்டகையெல்லாம் காலியாகிவிட்டதாம். "அவளெல்லாம் ஒரு அக்காவா?" என்று கத்தினாயாம். கத்து. நேரில் கத்து.

உனக்குக் காய்ச்சலும் இருமலும் என்று உன் மனைவி ரகசியமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி என்றாலே எரிந்து விழுகிறாயாம். "கோழியைக் கொன்னவங்ககிட்ட மூக்கை நீட்ட மாட்டேன்" என்றாயாம்.

டேய், இந்தக் கிருமி மனுஷனையும் பிடிக்கும். உன் மூக்கிலிருந்து எடுக்கும் சாம்பிளை நான் தொடமாட்டேன், வேறு ஆள் பார்ப்பார்.

உன் வீட்டு வாசலில் நிற்பது ஆஸ்பத்திரி வண்டி. பின் சீட்டில் நான்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம். கோபத்தையும் எடுத்துக்கொண்டு வந்து ஏறு.

உன் அக்கா