உன் கைமேல் விழுந்த பழி

அன்புள்ள அக்கா,

இன்று காலை கமுதியிலிருந்து ஒரு கார் பட்டறைக்கு வந்தது. பின்கதவைத் திறந்ததும் மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன். மூட்டையை இறக்கி எத்தனை நாளானாலும் சீட்டுத் துணியை விட்டு அந்த நெடி போகாது. உன் காரும் அப்படித்தான் இருக்கும். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்தான் இறந்த பிறகு மிளகாய்க் காட்டை நீதான் பார்த்தாய். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகினாய். முதுகுளத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் உன் ஊருக்குப் பஸ் வருவதே அபூர்வம். பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் உன் வாசலுக்குத்தான் ஆள் ஓடி வரும். ஈர வரப்பில் வழுக்கி விழுந்து உன் இடது தோள் முறிந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டபோது, பழைய காரின் ஸ்டீரிங்கைத் திருப்ப உன்னால் முடியவில்லை. அப்போதுதான் தொண்டியில் ஒரு மீன் வியாபாரியிடமிருந்து பவர் ஸ்டீரிங் உள்ள காரை உனக்கு வாங்கித் தந்தேன். ஒரு கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சொன்ன பேச்சுக் கேக்குதுலே" என்றாய்.

ஒரு வருடம் கேட்டது. பிறகு வளைவுகளில் நிற்க ஆரம்பித்தது. மெதுவாகத் திருப்பும்போது இன்ஜின் அணையும். அணைந்த மறுநொடி ஸ்டீரிங் கல்லாய் இறுகிவிடும். சந்தை முக்கில் அப்படி இன்ஜின் அணைந்தபோது கார் ஒரு ஆட்டுக்காரப் பெண்ணை நோக்கி உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாய். அவள் முந்தானை பம்பரில் உரசியது என்று பின்னால் சொன்னாய்.

மறுநாள் உன் மகன் காரை ஓட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் என் பட்டறைக்கு வந்தான். நீ பின்சீட்டில் இருந்தாய். உன்னை அந்தக் காரின் பின்சீட்டில் நான் பார்த்தது அன்றுதான்.

"மாமா, வண்டியில ஒண்ணுமில்ல. நான் ஓட்டுனா நிக்க மாட்டேங்குது. அம்மாவுக்குத்தான் கை ஏலல. இங்கனயே ஆளப் பாத்து வித்துக் குடுத்துருங்க" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை, அக்கா. பயந்துபோயிருந்தான்.

நான் ராமேஸ்வரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எந்த வளைவிலும் நிற்கவில்லை. திரும்பி வந்து இறங்கியதும் நீ கிட்டே வந்து, அவனுக்குக் கேட்காத குரலில் கேட்டாய்.

"உள்ளதச் சொல்லுலே தம்பி. என் கைதானா?"

"நீ ஓட்டு அக்கா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

பட்டறை வாசலில் முழுதாகத் திருப்பினாய். நின்றுவிட்டது. நீ உன் இடது கையைப் பார்த்தாய். நான் உன் காலைப் பார்த்தேன். நானும் உன் மகனும் திருப்பும்போதே எங்களை அறியாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள். நீ ஓட்டப் பழகியபோது சொல்லிக் கொடுத்தபடி, காலை முழுதாக எடுத்துவிட்டு நிதானமாகத் திருப்புகிறவள். அதில் தப்பே இல்லை. ஸ்டீரிங் பம்பில் பாரம் ஏறும்போது அங்கேயுள்ள ஒரு பிரஷர் சுவிட்ச் காரின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். இன்ஜின் அணைந்துவிடாதபடி அது வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். அந்தச் சேதி போகவில்லையோ என்று தோன்றியது.

பானெட்டைத் திறந்து சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினேன். மீட்டரைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு, "ஆக்சிலேட்டர்ல லேசாக் கால வச்சுக்கிட்டுத் திருப்பு" என்றேன். திருப்பினாய். சுவிட்ச் இணைந்ததும் மீட்டர் கூவியது. சுவிட்ச் நன்றாக இருந்தது. கனெக்டரின் இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். இன்ஜின் வேகம் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. கம்பியை எடுத்துவிட்டு அந்த ஒயரில் வோல்டேஜ் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. ஆக, வழியில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். பேட்டரிக்குக் கீழே ஒரு இடத்தில் ஒயர் வெளிப்பார்வைக்குப் புதிதுபோல இருந்தது. விரலால் வளைத்தபோது துவண்டது. தோலைச் சீவினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. தொண்டிக் கடல்காற்றும் மீன்பெட்டி உப்புத் தண்ணீரும் உள்ளே இருந்து தின்றிருக்கின்றன.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டேன். "இப்பக் கால எடுத்துட்டுத் திருப்பு" என்றேன். திருப்பினாய். இன்ஜின் ஒரு நொடி தாழ்ந்தது, பிறகு தானாகவே உறுமல் கூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் முழுதாக. இந்தப் பக்கம் முழுதாக. நிற்கவில்லை. நீ இறங்காமலே மறுபடியும் மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தாய். உன் கன்னம் நனைந்திருந்ததை உன் மகன்தான் முதலில் பார்த்தான்.

"நான் பேசுனது தப்புமா" என்றான்.

"ஏறு, நேரமாச்சு. ஊருக்குப் போவோம்" என்றாய்.

அவன் பக்கத்து சீட்டில் ஏறினான். அதற்குப் பிறகும் எத்தனையோ மழைக்காலங்கள் நீ ஓட்டினாய். உன் ஊரில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் சிலர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உன் காரிலேயே பிறந்தவர்கள். கடைசியாக உனக்கு நெஞ்சு வலித்தபோது உன் மகன் ஓட்டினான். வழியிலேயே போய்விட்டாய். "அம்மா வளைவுக்கு வளைவு, நிதானமாத் திருப்புனு சொல்லிக்கிட்டே வந்துச்சு மாமா" என்று அழுதான்.

போன வாரம் ஒருவர் தன் அப்பாவை அவருடைய காரிலேயே பட்டறைக்குக் கூட்டிவந்தார். அய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது, வண்டியை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறார் என்றார். நான் வண்டியைத் தொடவில்லை. சாவியைப் பெரியவர் கையிலேயே கொடுத்து, "நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்கய்யா" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

உன் தம்பி