உன் எழுத்தைத் தேடி எடப்பாடி போனேன்

மாப்ளே,

உன் மடிக்கணினியின் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே இன்னும் விபூதி இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு உன் மனைவி காலையும் மாலையும் உன் நெற்றியில் பூசியது. நீ குனிந்து அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. துடைக்கலாம் என்று துணியோடு வந்தேன். துடைக்க மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் உன் டி.டி.பி. கடையில் இருபது வருடம் என் நகைச்சுவைக் கட்டுரைகளை அடித்துக் கொடுத்தவன் நீ. ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "எங்க சிரிக்கோணும்னு ஒரு குறி போட்டுக் குடு மச்சான், தெரியாம தாண்டிப் போயர்றேன்" என்பாய். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் தட்டிப்போயிற்று என்பது மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் உனக்குத் தெரியும், பத்திரிகையை நிறுத்தச் சொல்லி உன்னிடம்தானே வருவார்கள். அந்த வம்புக்காகத்தான் வந்தேன். கட்டுரை ஒரு சாக்கு.

பிறகு புற்றுநோய் என்று உன் குரல்வளையை எடுத்தார்கள். வம்பை எடுக்க முடியவில்லை. மடியில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, நீயே வடிவமைத்த எழுத்துருவில் அடித்து அடித்துப் பேசினாய். நான் வாயால் பதில் சொன்னேன். பேப்பரை மிச்சம் பிடித்தே பழகியவன், திரையிலும் பொடி எழுத்துதான். கண்ணாடி இல்லாமல் எனக்கு அது எறும்பு வரிசை.

கடைசி மத்தியானத்தை நினைத்துப் பார்க்கிறேன். நாலு வரி அடித்தாய். பெட்டியை என் பக்கம் திருப்பி என் முகத்தையே பார்த்தாய். கண்ணாடி வெளியே வண்டிப் பெட்டியில் கிடந்தது. எழுந்து போய் எடுத்துவர முப்பது அடி இருக்கும். எனக்குச் சோம்பல். வழக்கமான வம்புதானே என்று "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டிவிட்டு, முட்டை லாரி கவிழ்ந்த கதையை எடுத்துவிட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். இருபது வருடத்தில் முதல்முறையாக என் நகைச்சுவை உனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன், மாப்ளே. வீடு போகும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

மறுநாள் காலை உனக்கு மூச்சு இரைத்தது. நானும் உன் மனைவியும் உன்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காரில் தூக்கி வைத்தது நான்தான். நிலைக்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாய். விரல் விரலாக நானே விடுவித்தேன். மூன்றாம் நாள் குழாய்களுக்கு நடுவே போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் உன் மனைவி இந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "கடைசியா உங்களுக்குத்தானுங்கண்ணா என்னமோ அடிச்சாரு. எனக்கு இதுல எங்க தட்றதுன்னே தெரியாது. என்ன சொன்னாருன்னு படிச்சுச் சொல்லுங்க." சரி என்றேன். எட்டு மாதம் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். சரி, பயம் என்றே வைத்துக்கொள்.

போன வாரம் துணிந்து திறந்தால் பெட்டி உயிர்பெறவில்லை. என் வீட்டுப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் போனேன். "பழைய சிஸ்டம் போயிருச்சுங்க. லினக்ஸ்னு இலவசமா வேற ஒண்ணு போட்டுத் தர்றேன், பெங்குயின் படம் வரும், பறக்கும் பாருங்க" என்றார். பெங்குயின் பறக்காது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. உன் பக்கத்தைத் திறந்தேன். தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், பவுண்டுக் குறிகள், தலைகீழ்க் கேள்விக்குறிகள். ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை.

"ஃபாண்ட்டைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே, பழைய சிஸ்டத்தோட அதுவும் போயிருச்சுங்க" என்றார் அவர்.

எழுத்துரு மாற்றித் தரும் கருவிகளில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். யாரும் திருடக் கூடாது என்று நீதான் எழுத்துகளைக் கட்டை மாற்றி வைத்திருந்தாயே, தமிழ் போலத் தோன்றும் உளறல்தான் வந்தது. உன் கடைக் கணினி காயலான் கடைக்குப் போயிருந்தது. பென் டிரைவ், சி.டி. என்று உன் மனைவி வீட்டில் தேடிக் கொடுத்ததையெல்லாம் மூன்று நாள் சொருகிப் பார்த்தேன். கடைசியில் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம் அது இருக்கலாம் என்று தோன்றியது. உன் ஃபாண்ட்டைத் திருடியதாக மூன்று தாலுகாவில் நீ பேர் கெடுத்து வைத்தாயே, அந்த எடப்பாடி அச்சகக்காரர். அவர் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்கும் தடை போட்டிருந்தாய். மிதித்தேன்.

"ஏனுங்க, திருடன் ஊட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பெட்டியை வாங்கிப் பென் டிரைவைச் சொருகினார். "இன்னிக்கும் ஒரு காதுகுத்துப் பத்திரிகை இதுல அடிச்சனுங்க. திருடுனது நெசந்தான். அவரு கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். கேக்காம ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டாரு."

இரண்டு சொடுக்கு. தொப்பிகள் கழன்றன. நீ வந்துவிட்டாய், அந்த நீண்ட வால் போட்ட ழகரத்தோடு. பக்கம் பக்கமாக வம்பு. என் பதில்கள் இல்லாததால் நீ தனியாகச் சண்டை போட்டது போல இருந்தது. சிரித்துக்கொண்டே கடைசிக்கு வந்தேன்.

"மச்சான், இனி ஆஸ்பத்திரி வேண்டாம். ஊட்லயே போயர்றேன்.
எப்ப மூச்சு இரைச்சாலும் தூக்கீட்டுப் போவாதீங்க.
நான் சொன்னா அவ அழுவா. நீ சொன்னாக் கேப்பா. சொல்லிப்போடு.
சரின்னா தலைய ஆட்டு."

எடப்பாடிக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீ ஆறுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டினேனே மாப்ளே. நன்றாக, இரண்டு தரம் ஆட்டினேன். நீ நம்பி என் மணிக்கட்டை அழுத்தினாய். மறுநாள் நிலைக்கதவிலிருந்து நான் விரல்களைப் பிரித்தபோது நீ என்னைப் பார்த்த பார்வையை வலி என்று நினைத்திருந்தேன்.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். "எழுத்து கெடைச்சுதுங்களாண்ணா?"

"இல்ல அம்மிணி. எங்கயும் இல்லைங்கறாங்க."

"பரவால்லீங்கண்ணா, நீங்களும் எத்தன அலைவீங்க. கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தோம். நம்ம மேல ஒரு கொறையுஞ் சொல்லியிருக்க மாட்டாரு."

"ஆமா அம்மிணி" என்றேன்.

அவளிடம் சொல்லச் சொல்லி நீ கொடுத்தது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. அதை இறக்கிவைக்க அவளைத் தவிர வேறு இடம் இல்லை. அவளிடம் இறக்கிவைக்கவும் முடியாது.