தோற்றவன் வீட்டு வடம்

பாறசாலை,
17.10.1955

என் அன்பு மகள் விமலகுமாரிக்கு உன் அம்மா கிருபாபாய் முத்தத்தோடு எழுதுவது. கர்த்தர் இந்நாள்மட்டும் எங்களைச் சுகமாகவே நடத்தி வருகிறார், உன் அப்பாவின் இடுப்பைத் தவிர. அந்தக் கதை பின்னால் வரும். அங்கே வேலூர் ஆஸ்பத்திரியில் நீயும் உன் கூட்டுக்காரிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான். ஆனந்தபாய் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ சாப்பாட்டை விட்டுவிட்டு டீயைக் குடித்தே பொழுதைக் கழிப்பதாக உன் எழுத்தின் கோணலிலேயே தெரிகிறது, அது வேண்டாம் மக்கா.

ஷியாமளாவுக்கு இரண்டு கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை, நான் அவளுக்கு என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது உன் அப்பா. அவர் அதை எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். ஒளித்து எழுதவில்லை, முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டித்தான் ஒட்டுவேன்.

ஓணத்துக்கு மறுநாள் தோட்டு ஓடைக்கு இக்கரையும் அக்கரையும் போட்டிக்கு வடம் இழுப்பது உனக்குத் தெரியாததா? இக்கரைத் தமிழருக்கு உன் அப்பா தலைவர், அக்கரை மலையாளிகளுக்கு ஷியாமளாவின் அப்பா சதாசிவன் அண்ணன். கோப்பை ஜெயித்தவனுக்கு, வடம் தோற்றவனுக்கு. ஜெயித்த தலைவன் ஒரு கருக்கு வெட்டித் தோற்றவன் கையில் கொடுத்து முதல் இளநீரைக் குடிக்கச் செய்யவேண்டும். பிறகு ஜெயித்த ஒன்பது பேரும் வடத்தைச் சுமந்து தோற்றவன் வீட்டில் கொண்டுபோய் வைத்து அங்கேயே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடவேண்டும். அடுத்த போட்டிக்கு நாள் சொல்லுவது வடம் வைத்திருக்கிறவன். யார் தோற்பார்கள் என்று தெரியாததால் அன்றைக்கு இரண்டு வீட்டிலும் கிழங்கு வேகும், ஜெயித்த வீட்டுக் கிழங்கு பசுவுக்குப் போகும். ஆறு வருஷமாக நம் பசுவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆறு வருஷமும் சதாசிவன் அண்ணன் மேலெல்லாம் சேற்றோடு வந்து, வடத்தை நம் விறகுப்புரையில் வைத்துவிட்டு, நம் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வருஷமாவது ஜெயித்த பேச்சை எடுத்தாரா? மீன்கறி நல்லாயிருக்கு கிருபா என்பார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் நாம் ஜெயித்தோம். மூன்றாவது இழுப்பில் உன் அப்பா கடைசி ஆளாக வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் பதித்து நின்ற நிலையைப் பார்த்து நான்கூடத் தொண்டை கிழியக் கத்தினேன், பொய் சொல்லமாட்டேன். யோசுவா உபதேசியார் விசிலை ஊதினார். சதாசிவன் அண்ணன் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு கருக்குக்குக் கையை நீட்டினார். உன் அப்பா கருக்கை வெட்டினார். வெட்டித் தாமே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறுங்கூட்டை அவருடைய கால்மாட்டில் எறிந்தார். போன வருஷம் மார்த்தாண்டத்தில் தமிழர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்தே மனிதருக்குள் ஒரு நெருப்பு கிடந்தது, சரிதான். அதற்கு சதாசிவன் அண்ணனா பொறுப்பு? எலே, நெய்யாற்றின்கரை தாலுகாவையும் இதுபோல மதராசுக்கு இழுத்துட்டுப் போவோம், வடமும் இனி எங்களுக்காக்கும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். பையன்கள் கோஷம் போட்டுக்கொண்டு வடத்தை நம் வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நான் திரும்பிப் பார்த்தபோதும் சதாசிவன் அண்ணன் கை நீட்டினபடியேதான் இருந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டுக் கிழங்கும் பசுவுக்குத்தான் போயிற்று.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அக்கரையிலிருந்து ஒருத்தர் நம்மிடம் ஒரு வார்த்தை மிண்டவில்லை. சந்தையில் ஷியாமளாவின் அம்மா சரசம்மா என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். உன் அப்பாவை நான் எவ்வளவோ சாடினேன். மனிதர் விறகெடுக்கப் போனால் வடத்தைப் பாராமல் வருவார்.

போன வாரம் மொழி பார்த்து ராஜ்ஜியம் பிரிக்கிற கமிஷன் ரிப்போர்ட் பத்திரிகையில் வந்தது. விளவங்கோடு மதராசுக்காம், நம் நெய்யாற்றின்கரை இங்கே மலையாளத்தோடேதானாம். இரண்டு மைல் தள்ளி களியக்காவிளையில் இருக்கிற ஆனந்தபாய் அத்தை ஒரு ராஜ்ஜியம், நாம் ஒரு ராஜ்ஜியம். உன் அப்பா பத்திரிகையை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்தார், சோறு வேண்டாம் என்றார். சாயங்காலம் ஜங்ஷனில் படக்கம் வெடித்து அக்கரைக்காரர்கள் ஊர்வலமாக நம் ரோட்டுக்குத் திரும்பினார்கள். நம் நடையில் நின்று கோஷம் போடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கதவை அடைக்கப் போனேன். அடைக்காதே, நான் செய்ததுக்கு நானே வாங்கிக்கிடுறேன் என்றார் உன் அப்பா.

ஊர்வலம் வளைவிலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டு முன்னால ஒரு படக்கமும் வேண்டா என்று சதாசிவன் அண்ணன் தடுத்ததாக உபதேசியார் பிறகு சொன்னார். அவர் மட்டும் தனியாக ஒரு கருக்கும் வெட்டுகத்தியுமாக நம் முற்றத்துக்கு வந்தார். வெட்டி நீட்டினார். உன் அப்பாவின் கை எழவில்லை. எடே செல்லையா, ஜெயிச்சவன் வெட்டித் தரணும், தோத்தவன் குடிக்கணும், நம்ம சட்டம் அதுதானே, குடி என்றார். உன் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார், பாதி நெஞ்சில் கொட்டிற்று. குடித்துவிட்டு அழுதார் மக்கா. தாயைப் புதைத்த அன்றுகூட அழாத மனிதர்.

சதாசிவன் அண்ணன் விறகுப்புரையைப் பார்த்து, வடமும் தோத்த வீட்டிலதானே இருக்கு, அடுத்த இழுப்புக்கு நாளைச் சொல்லு என்றார். இல்லடே, ஓணத்துக்கு ஜெயிச்சவன் நான், வடம் அன்னைக்கே உன் வீட்டுக்கு வந்திருக்கணும் என்று உன் அப்பா ஒன்பது பேர் சுமக்கிற வடத்தை ஒற்றைக்குத் தூக்கித் தோளில் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது அப்போதுதான். கோட்டி மனிதர், இறக்கவில்லை. சதாசிவன் அண்ணன் ஓடிப்போய் வடத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். ஊர்வலத்தின் நடுவேதான் போகவேண்டும். பையன்கள் கூவினார்கள், தமிழன் தோற்று வடத்தைக் கொடுக்கப் போகிறான் என்று சிரித்தார்கள். உன் அப்பா நடந்துகொண்டே இருந்தார். பின்னால் போன எனக்கு வெட்கமாக இருக்கவேண்டியது, பெருமையாகத்தான் இருந்தது. சரசம்மா வீட்டில் அன்று கிழங்கும் இல்லை மீனும் இல்லை, மிஞ்சின கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான். முகம் கொடுக்காமல்தான் கிண்ணத்தில் விளம்பினாள். உன் அப்பா மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கஞ்சி நல்லாயிருக்கு சரசம்மா என்றார். அவள் அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினது எனக்குக் கேட்டது.

வடம் இப்போது சதாசிவன் அண்ணன் வீட்டில். கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள், விமலா லீவில் இருக்கும்போது என்று நாள் சொல்லியிருக்கிறார். லீவை இப்போதே எழுதிக்கொடு. அன்று இரண்டு வீட்டிலும் கிழங்கு வேகும். இடுப்புக்கு ஏதாவது தைலம் உண்டா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி வா. ஷியாமளா எழுதின தாள் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது, நான் பிரித்துப் பார்க்கவில்லை.

சொன்னபடி உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுததை மட்டும் அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை. கருக்கைத் தாமே குடித்ததை அடிக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், அவள் தெரிஞ்சுகிடட்டும் என்றார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. டீயைக் குறை.

உன் அம்மா,
செ. கிருபாபாய்