அந்த மாற்றலை நான் கேட்கவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் கோபக் கடிதம் வந்து சேர்ந்தது. இந்த ஆளுநர் மாளிகைக்கு வரும் தபாலை யாரோ பிரித்துப் பார்த்த பிறகே என்னிடம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் இதைத் துணி தைக்க வரும் அம்மாளிடம் கொடுத்து வெளியே சேர்க்கச் சொல்கிறேன்.

இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்குக் கதவு திறக்க ஒருவர், நாற்காலி இழுத்துப் போட ஒருவர். காலமெல்லாம் வானத்தில் பறந்த மனிதர் இப்போது ரிப்பன் வெட்டுகிறார். நேற்று ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவில் கத்தரிக்கோல் வெட்டவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். விமானப்படையில் ஓர் ஆணி தளர்ந்திருந்தாலும் தளத்தையே இரண்டாக்கியவர்!

இந்த ஆளுநர் பதவி வந்த விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் ஓட்டும் அந்தப் புது விமானத்தில் கோளாறு இருக்கிறது, அதை வாங்கவே கூடாது என்று ஓய்வு பெறும்வரை சண்டை போட்டார். ஓய்வு பெற்றதும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னார். அதற்குள் மந்திரி வீடு தேடி வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பதவி வந்தது, பத்திரிகைக்காரர்கள் வரவில்லை. போன மாதம் உங்கள் தளத்தில் அதே ரக விமானம் ஒன்று விழுந்து அந்தப் பிள்ளை போனானே, அன்றைக்கும் இவர் வாயைத் திறக்கவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த இரங்கல் செய்தியில் கையெழுத்துப் போட்டார்.

நம் பிள்ளை ஓட்டும் விமானம் சரியானதுதானா என்று நேராகவே கேட்டேன். “சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத. அதுல இப்ப ஒரு கோளாறும் இல்ல, எல்லாம் சரி பண்ணிட்டாங்க” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. யாரோ மேலிடத்தில் சொல்லி உன்னைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், அம்மா அழுது புலம்பித்தான் இது நடந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். கண்ணா, நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அங்கே யாரைத் தெரியும்? கடிதத்தை உன் அப்பா முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காந்து பாக்குற வேலையும் வேலதானே” என்றார். கோளாறு இல்லாத விமானத்திலிருந்து எந்தத் தகப்பன் மகனை இறக்குவான்?

நீ இறங்கியதில் எனக்கு நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதி எனக்கே வெட்கமாக இருக்கிறது. இனி உன் விமானத்தை அந்த நெட்டையன் ஓட்டுவான் என்று எழுதியிருக்கிறாய். விடுமுறைக்கு உன்னோடு வந்து, அம்மா அம்மா என்று சமையலறையில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தவன். அவன் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். யாரிடம் போய்ச் சொல்லி அவனை இறக்குவார்?

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. அவன் ஏறுவதற்கு முன்னால் காட்டு. உன் அப்பா பெயர் கெட்டால் கெடட்டும், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உங்கள் அம்மா