மிருனா கிழித்துவிடச் சொன்ன முதல் அத்தியாயம்

அன்பு மகள் வியோரிக்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் மிருனாவும் பதினோரு கோழிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் இத்தாலியப் பெரியம்மாவும் சுகம்தானே. மிருனா பாஸ் என்று போனில் சொன்னதுமே நீ அழ ஆரம்பித்துவிட்டாய், மேலே ஒன்றும் பேச முடியவில்லை, அவளும் எதையும் விவரமாகச் சொல்கிற பெண் இல்லை. அதனால் சனிக்கிழமை இத்தாலிக்குப் புறப்படும் வேனில் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்லலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திருப்பிவிட்டால் இனி எழுத மாட்டேன், நானும் அம்மா மாதிரி இத்தாலியில் வயசானவங்களைப் பாத்துக்கற வேலைக்கே போயிடறேன் என்று போன மாதம் மிருனா சொல்லிவிட்டாள். எதற்காக நீ பதினாலு வருஷமாக அங்கே கிடக்கிறாயோ அதுவே இல்லாமல் போய்விடுமே என்று அன்றிலிருந்து தினமும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். நம் ரொமேனிய நாவல்களை வெளிநாட்டு அறிஞர்களின் கோட்பாடுகளை வைத்துப் படிக்கிற ஆய்வு அவளுடையது. வசிலாக்கே என்ற மூத்த பேராசிரியருக்கு அது ஆகாது என்று முன்பே பேச்சு.

வாய்மொழித் தேர்வன்று யாஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு விடிகாலை பஸ்ஸிலேயே போய்விட்டோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் முன்வரிசையில், மடியில் வால்நட் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நீ போன குளிர்காலத்தில் அனுப்பிய அந்தச் சாம்பல் கோட்டைத்தான் அவள் போட்டிருந்தாள். தேர்வாளர்கள் ஐந்து பேரும் மேஜைக்குப் பின்னால் வரிசையாக இருக்க, அவர்களில் ஒருவரான வசிலாக்கே கண்ணாடியைக் கழற்றினார். "எங்க காலத்துல எந்தப் புத்தகம்னாலும் மொதப் பக்கத்துல கட்சித் தலைவர் சொன்னது நாலு வரி போடணும், போட்டாத்தான் அச்சுக்குப் போகும், யாரும் படிக்க மாட்டாங்க. இப்ப நீங்க வெளிநாட்டுக்காரன் பேரைப் போடறீங்க. கோட்பாடு பேசற உன் மொத அத்தியாயத்தைக் கிழிச்சுட்டா மிச்சம் என்னம்மா நிக்கும்" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். இந்த மனுஷனுக்கு ஒரு துண்டு ரொட்டி கிடையாது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மிருனா உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், "கிழிச்சுடுங்க ஐயா. நான் எடுத்துக்கிட்ட பழைய நாவல் ஒண்ணுல ஒரு வேலைக்காரி நாப்பத்தோரு எடத்துல வர்றா. கதவு தெறக்கறா, காபி கொண்டாறா. ஒரு எடத்துலயும் அவளுக்குப் பேர் இல்ல. தொண்ணூறு வருஷமா இதைப் பத்தி எழுதின யாரும் அவளைப் பாக்கல, நாலு தடவ படிச்சும் நானும் பாக்கல. எங்கேயோ தீவுல கரும்புத் தோட்டத்து ஆளுங்களைப் பத்தி வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் எழுதினதைப் படிச்சப்புறம்தான் என் கண்ணுல பட்டா. அவர் பேரைக் கிழிச்சாலும் இவ அங்கேயேதான் நிப்பா." பிறகு தன் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது இத்தாலியிலேருந்து வந்தது. அப்படியே போட்டா எனக்குச் சேராது. எங்க பாட்டி தோள்பட்டையில பிரிச்சுத் தைச்சாங்க. அந்தக் கோட்பாடும் நமக்கு அப்படியே சேராது, நான் எங்கெங்க பிரிச்சேன்னு மூணாம் அத்தியாயத்துல இருக்கு." இந்த முறை சிரித்தவர்கள் வேறு ஆட்கள்.

ஐவரும் பக்கத்து அறைக்குப் போய் அரைமணி நேரம் வரவில்லை. வந்ததும் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் என்று படித்தார்கள், ஐவருக்குமே சம்மதமாம். எனக்குக் காலில் உயிர் வந்தது வியோரிக்கா, முழங்கால் வலிகூட அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் மனசு இளகி வசிலாக்கேவுக்கும் ரொட்டி கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். "பாட்டி, ஒங்க பேத்தி என்னை நல்லா மடக்கிட்டா" என்றார். பாட்டி என்றாரே தவிரப் பெயர் கேட்கவில்லை. நானே சொன்னேன், முழுப் பெயரும். எழுந்து நின்று கை கொடுத்தார்.

பொட்டலத்தில் குடமிளகாய்த் தொக்கு ஆறு பாட்டில், பிளம் ஜாம் இரண்டு இருக்கின்றன, ஜாமைத் திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடு. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. கன்னி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. முன்பு வேலை பார்த்தவள் மரியா என்பதால் அந்தப் பெரியம்மா இன்னும் உன்னை மரியா என்றே கூப்பிடுவதாக மிருனா சொன்னாள். இதைப் படித்த அடுத்த நாள் காலை காபி கொண்டு போகும்போது உன் பெயரைச் சொல், அவர் மறந்தால் மறுநாளும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாஃப்தா முந்தியானு