தோளில் சைக்கிளோடு மேடேறியவள்

பெர்கமோ, அக்டோபர் 14

அன்பு மகள் நிவேஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வெலிங்டனின் அந்தக் காற்றுக்கு நடுவே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். ஊசி போட்டபிறகு அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், என்னவோ அந்தப் படிகளை நான்தான் கட்டினேன் என்பதுபோல. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மழை முந்திக்கொண்டு வந்துவிட்டது, அம்மா குளிர்காலப் போர்வைகளை எடுத்து உதறி வைத்துவிட்டாள். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவர் ஏன் பேனாவை எடுத்தார் என்று யோசிப்பாய், போனில் என்றால் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்கிற ஒவ்வொரு வரியையும் திருத்துவாள், இதை நான் என் வார்த்தையிலேயே சொல்லி முடிக்கவேண்டும்.

போன சனிக்கிழமை நம் தெருவழியாகப் பெண்கள் சைக்கிள் பந்தயம் போனது. ஆண்கள் பந்தயம் நமக்குப் புதிதல்ல, பெண்களுடையது மேல்நகரத்துச் சதுக்கத்தில் வந்து முடிவது இதுதான் முதல் தடவை. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மிலேனா, அதுதான் குழாய் வேலை பார்க்கிற பிரிமோவின் மகள், அவளுக்கு அது கடைசிப் பந்தயம். பதினாறு வருஷமாக அதையே தொழிலாகச் செய்கிறாள், ஒருதடவைகூட முதலில் வந்ததில்லை. வருவது அவள் வேலையும் இல்லை, அணியில் ஜெயிக்கவேண்டியவள் வேறொருத்தி, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, எதிர்காற்றில் அவளுக்கு முன்னால் போய் மறைப்பது, இதுதான் மிலேனாவின் வேலை. கயிற்று ரயிலில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மஞ்சள் கொடியும் விசிலும் கொடுத்து, இறக்கம் முடிந்து கோட்டை வாசல் மேடு தொடங்குகிற வளைவில் நிறுத்தியிருந்தார்கள். பாலாடைக்கட்டிக் கடை பத்திஸ்தா கடையைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். “பொம்பளைங்க பந்தயத்துக்கு எதுக்குய்யா விசிலு, மெதுவாத்தான வருவாங்க, கையக் காட்டினா நின்னுடப் போறாங்க” என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

முதல் சுற்றில் அவர்கள் வந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். முதலில் சத்தம்தான், நூறு சக்கரம் ஈரக் கல்லில் உரசுகிற சத்தம், நான் விசிலை வாயில் வைப்பதற்குள் வளைவு முழுக்க அவர்கள்தான். இவ்வளவு வேகத்தில் இறங்கி, ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் படாமல் திரும்பி, அதே மூச்சில் மேட்டில் எழுந்து நின்று மிதித்தார்கள். மழையில் முகமெல்லாம் சேறு, கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கயிறு இழுத்தால்தான் என் ரயில்பெட்டி அந்தச் சரிவில் ஏறும், இந்தப் பெண்கள் தொடையை நம்பி ஏறினார்கள். பத்திஸ்தா வாயைத் திறந்தவன் மூடவேயில்லை. கூட்டம் மேட்டில் மறைந்ததும், “தர்சீஸியோ, நான் சொன்னத யார்ட்டயும் சொல்லிடாத” என்றான்.

இரண்டாம் சுற்றுதான் கடைசி. முன்னால் ஐந்துபேர் பிரிந்து போய்விட்டார்கள், அவர்களைத் துரத்தி வந்த கூட்டத்தில் மிலேனாவும் அவள் காக்கவேண்டிய டச்சுக்காரப் பெண் லிஸ்பெத்தும் இருந்தார்கள். நான் கண்ணெதிரே பார்த்தேன், லிஸ்பெத்தின் சக்கரம் ஈர இலையில் வழுக்கி, சைக்கிள் நேராகப் போய் வளைவின் கல்தூணில் மோதியது. பெண் எழுந்துவிட்டாள், சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்குகிற கவை ஒடிந்து சக்கரம் தனியாகத் தொங்கியது. சந்து குறுகல் என்று அணி வண்டிகளைப் பெரியசாலை வழியே திருப்பியிருந்தார்கள், மாற்றுச் சைக்கிளுக்கு வழியே இல்லை. நான் கொடியை ஆட்டி முடிப்பதற்குள் மிலேனா இறங்கித் தன் சைக்கிளை அவள் கையில் திணித்துவிட்டாள். “ஏறு, ஏறு, எங்கிட்டப் பேசிட்டு நிக்காத, போ” என்று ஒரு தள்ளு. பெர்கமோ பாஷை அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டாள். தன் ஊரில், தன் தெருவில், கடைசி நாளில் மிலேனா ஒடிந்த சைக்கிளோடு நின்றாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், அவள் மேட்டை அளந்துகொண்டிருந்தாள்.

எல்லாரும் போனபின் கடைசியில் வருகிற சின்ன வேன், ஓட்டமுடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வண்டி, வளைவில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, “போதும்மா, ஏறிக்க, காலெல்லாம் நனஞ்சிருக்கு” என்றார். “பதினாறு வருஷத்துல நாலு தடவ இதுல ஏறியிருக்கேன், இன்னிக்கு மாட்டேன்” என்றாள். பத்திஸ்தா ஓடிப்போய்க் கூடை வைத்த தன் இரும்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான், கூடையில் முட்டைக்கோஸ் வேறு. அவள் சிரித்துவிட்டாள். “வேண்டாண்ணா, அணிக்கு வெளிய வேற ஆளு சைக்கிள்ல ஏறக் கூடாது. என் அணி சைக்கிளோட நான் முடிவுக் கோட்டத் தாண்டணும், அவ்வளவுதான்.” அடியில் இரும்பு வைத்த காலணியோடு கல்லில் நடக்கமுடியாது, அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், ஒடிந்த சைக்கிளைத் தோளில் போட்டாள், வெறும் காலுறையோடு ஏற ஆரம்பித்தாள்.

கடைசி ஆள் தாண்டியபிறகுதான் என் வேலை முடியும், கடைசி ஆள் அவள்தான், ஆகவே கொடியை விரித்தபடியே பின்னால் நடந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா பிரிமோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், அவருக்குத் தொட ஆசை, தொட்டால் பந்தய விதிப்படி தப்பு. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மேடு, நிவேஸ். ஜன்னலெல்லாம் திறந்துகொண்டன. யாரோ மாடியிலிருந்து, “மிலேனா, சீக்கிரம் வாடி, பொலெந்தா ஆறுது” என்று கத்தினார்கள், “கரண்டியத் தயாரா வையுங்க” என்று இவள் மூச்சுவாங்கிக்கொண்டே பதில் சொன்னாள். பாதி வழியில் ஒலிபெருக்கி, லிஸ்பெத் அந்த ஐந்துபேரையும் பிடித்து ஜெயித்துவிட்டாள் என்றது, அரைச்சக்கர வித்தியாசத்தில், புகைப்படத்தை வைத்துத்தான் முடிவு சொன்னார்கள். மிலேனா நின்றாள், சைக்கிளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், மறுபடி நடந்தாள். காலுறை கிழிந்து கல்லில் ரத்தம் பட்டது.

நாங்கள் மேலே போனபோது வளைவுத் தோரணத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் லிஸ்பெத், ஒரு கையில் பூங்கொத்து, ஒரு கையில் மிலேனாவின் சைக்கிள், மேடைக்கு வா என்று கூப்பிட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். மிலேனா கோட்டைத் தாண்டினாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, பந்தயத்தை முடிக்கவேண்டிய கெடு தாண்டி நான்கு நிமிஷமாகிவிட்டதே என்று சங்கடப்பட்டார். “பரவால்ல சார், எழுதாதீங்க, நான் வந்துட்டேன்” என்றாள்.

பிறகு சதுக்கத்து நீரூற்றில் உட்கார்ந்து அவள் கால் கழுவினாள், நான் அவளுடைய காலணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “மாமா, நிவேஸ் இத டிவில பாத்திருப்பாளா? அவ என் சைக்கிள வாங்கி, மணி பாத்து இந்த மேட்டுல ஏறி எத்தன தடவ என்னத் தோக்கடிச்சிருக்கா தெரியுமா? நான் ஒரு தடவகூட அவள ஜெயிச்சதில்ல. நீங்க வேண்டான்னப்புறமும் மூணு நாளு கிளப் வாசல்ல வந்து நின்னு பாத்துட்டுப் போனா” என்றாள். குத்திக்காட்டவில்லை, பழைய சிநேகிதியின் பெருமையைச் சொன்னாள்.

பதினான்கு வயதில் கிளப்பில் சேர நீ நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. பெண்பிள்ளை முழங்காலில் தழும்பு எதற்கு என்றேன், அதோடு சாப்பாட்டைத் தொடர்ந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்ததால் உனக்கு அவ்வளவு ஆசை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு, நிவேஸ். பிரிமோவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன், கோபம் இருந்தால் இருக்கட்டும், அதையும் எழுது. நீ அங்கே விடுமுறை நாளில் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுவதாக நேற்று அம்மா வாய்தவறிச் சொன்னாள், பதினோரு வருஷமாம். என்னிடம் சொல்லாததற்கும் நானேதான் காரணம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து வாழவேண்டும், கடவுள் துணையிருப்பார். அம்மா முத்தம் அனுப்புகிறாள். காற்று ஊர், ஈரச் சாலை, பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இந்த வாரமே மாற்றிவிடு. அங்கே எந்த மேட்டில் ஏறுகிறாய், எத்தனை நிமிஷத்தில் ஏறுகிறாய் என்று விவரமாக எழுது. அப்பா பயப்படுவார் என்று நேரத்தைக் கூட்டிச் சொல்லாதே, சரியான நேரத்தை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
தர்சீஸியோ