மூணு சாமிக்கும் ஒரே சாவி

என் கோபக்கார நாத்திகருக்கு,

உங்க அண்ணன் வீட்டுல தூக்கம் வருதா? அங்க தலையணை கல்லு மாதிரி இருக்கும்னு நீங்கதான் சொல்வீங்க.

எங்க தையல் ஆலையில பிரார்த்தனை அறையை முதலாளி தன் மதத்துக்கு மட்டும்னு ஆக்கினப்ப, நானும் வேலையை நிறுத்திட்டு மத்தவங்களோட வாசல்ல உட்கார்ந்தேன். "இல்லாத சாமிக்காக இருக்கற வேலையை விடப் போறியா?"ன்னு கத்திட்டுப் போனீங்க. நல்ல கேள்விதான். தைக்கும்போதெல்லாம் அதையேதான் யோசிக்கிறேன்.

வேடிக்கையைக் கேளுங்க. முதலாளி இறங்கி வந்து, அறை எல்லாருக்கும்னு ஆயிடுச்சு. உடனே சாவி யார்கிட்ட இருக்கணும்னு மூணு மதத்துக்காரங்களும் முட்டிக்கிட்டாங்க. கடைசியில பொத்தான் தைக்கிற அக்கா என்னைக் காட்டி, "இவகிட்டக் கொடுங்க. இவளுக்குத்தான் எந்தச் சாமியும் வேண்டாம்"னாங்க. ஒருத்தர்கூட மறுக்கல! நம்ம நாத்திகத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு நீங்க நினைச்சிருப்பீங்களா?

அழுதுக்கிட்டே உள்ள போறவங்க முகம் தெளிஞ்சு வெளிய வர்றாங்க. அப்படி என்னதான் இருக்குன்னு நேத்து யாருமில்லாதப்ப நானும் போய் உட்கார்ந்தேன்.

பயப்படாதீங்க, சாமி வரல. உங்க நினைப்புதான் வந்துச்சு.

நம்ம வீட்டுச் சாவியும் அதே வளையத்துலதான் தொங்குது.

அன்போடும் சாவியோடும்,
உங்க வீட்டுக்காரி